சேட் பொக்கற்றைத் தொங்கவிடாத கத்தி

பெயர்: மக்டலீன் ஞானப்பிரகாசம். வயது: எழுபத்தாறு. தொழில்: இளைப்பாறிய ஆசிரியை. நிலை: விதவை. சமயம்: றோமன் கத்தோலிக்கம். வசிப்பிடம்: குருநகர், யாழ்ப்பாணம். வாக்குமூலம் பதியத் தொடங்கிய நேரம்: பிற்பகல் 4.35.

என்னை இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு எவரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன். வந்து முக்கால் மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்த பின்னரே என்னைக் கூப்பிட்டார்கள். இதையும் எழுதும்படி கேட்டு எழுதுவித்தேன்.

இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் லெனாட் என்பவர் என் அயலவர். வயது எழுபது. நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். நாற்பது வருடங்களாக அடுத்த வளவில் இருக்கிறார். அவருடைய மனைவி லூர்த்தம்மா பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காமல் மூன்று வாரங்களாக மானிப்பாயில் ஆசுபத்திரியில் இருக்கிறார். லெனாட் ஒவ்வொரு நாளும் பின்னேர பஸ்ஸில் போய், தோடம்பழத்தையோ அப்பிளையோ கட்டிலருகில் இருந்து சீவி மெல்லிய துண்டுகளாக ஊட்டிவிடுவார். வேறொருவர் ஊட்டினால் லூர்த்தம்மா வாயை மூடிக்கொள்வார். பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு முடிகிறது. ஆகவே சற்று விரைவாக எழுதும்படி, இதைப் பதியும் அதிகாரியான உப பொலிஸ் பரிசோதகரைக் கேட்டுக்கொண்டேன்.

லெனாட் முப்பது வருடங்களாகச் சேட்டின் நெஞ்சுப் பொக்கற்றில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தார். பென்சில் சீவவும் பழம் வெட்டவும் கடிதம் பிரிக்கவும் அதுவே. இம்மாதம் மூன்றாம் திகதி என் மகள் கனடாவிலிருந்து அனுப்பிய பார்சலின் கயிற்றை வெட்டுவதற்காக நான் அதை இரவல் வாங்கினேன். அந்தக் கத்தி பழுதாகிவிட்டது. அதன் பின்னர் அதற்கு ஈடாக இன்னொன்று வாங்கிக் கொடுப்பது என் கடமை என்று தீர்மானித்தேன்.

அதன் பின்னர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் நான் அலைந்த அலைச்சலை அதிகாரி கேட்கவில்லை. ஆயினும் நான் வாங்கிக் கொடுத்த கத்தி இங்கே ஆயுதம் என்று குறிக்கப்பட்டிருப்பதால் அது எப்படித் தெரிவுசெய்யப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியவளாக இருக்கிறேன். மடித்தால் என் உள்ளங்கையை விட நீளக் கூடாது, பென்சிலை விட அதிகம் தடிக்கக் கூடாது, திறந்தால் திறந்தபடி நிற்க வேண்டும், மடக்கும்போது விரலைக் கடிக்கக் கூடாது, முக்கியமாகச் சேட் பொக்கற்றைத் தொங்கவிடக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது. முதலாவது கடையில் மீன் வெட்டும் கத்தியைக் காட்டினார்கள். மடக்குகிற கத்தி என்றேன். அதற்குத் தேங்காய் உடைக்கும் கத்தியைக் காட்டினார்கள். இரண்டாவது கடையில் ஒன்பது கருவிகள் சேர்ந்த ஒன்றைக் காட்டினார்கள். அது சவர்க்காரக் கட்டி அளவு இருந்தது, அதற்குள் ஒரு கரண்டியும் இருந்தது. மூன்றாவது கடையில் நின்ற ஷெரோன் என்ற பெண்ணிடம், மரியாதையான ஒரு மனிதர் நாளாந்தம் வைத்திருக்கத் தக்கதாக வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் "ஆம்பிளையளுக்கோ அம்மா? அப்ப இதுதான் இப்ப ஓடுது" என்று சொல்லி, பொத்தானை அமத்தினால் பாய்ந்து திறக்கிற, மண்டையோட்டுப் படம் கீறிய ஒன்றை எடுத்தார். இன்னொன்றின் பிடி இராணுவ உடுப்பின் நிறத்தில் இருந்தது. இந்த ஊரில் அதை எந்த மனிதர் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிவார் என்று கேட்டேன்.

அதன் பின்னர் சந்தைக்கு அருகில் மணிக்கூட்டு வார், லைற்றர், ரோர்ச் விற்கும் பஞ்சலிங்கம் என்பவருடைய சிறிய கடைக்கு மூன்று நாட்கள் தொடர்ந்து சென்றேன். என் காலஞ்சென்ற கணவரின் வெள்ளைச் சேட் ஒன்றை ஸ்திரிக்கை போட்டு, மடித்துக் கொண்டு சென்றேன். பஞ்சலிங்கம் சேட்டை இரு தோள்களிலும் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு கத்தியாகப் பொக்கற்றில் போட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கடைக்கு வந்த ஆட்கள் சிரித்தார்கள். அதைப் பொருட்படுத்தவில்லை. ஆறு கத்திகள் பொக்கற்றை இழுத்தன. மூன்றாம் நாள் அவர் மேசை லாச்சியை இழுத்து, அதன் அடியில் விற்காமல் கிடந்த பழைய கத்தி ஒன்றை எடுத்தார். எலும்பு நிறப் பிடி, இரு முனையிலும் பித்தளை, நகத்தால் திறக்க ஒரு சிறு பள்ளம். அதைப் போட்டதும் பொக்கற் நேராக நின்றது. நான் கொண்டு போன பென்சிலைச் சீவிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அதன் பின்னர் வாங்குவதற்காகக் கையை நீட்டினேன். பஞ்சலிங்கம் கத்தியைக் கையில் தராமல் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். "கத்தியைக் கையிலை தந்தால் சண்டை வரும் அம்மா. மூண்டு நாளா நீங்கள் என்னோடை பிடிச்ச சண்டை காணும்" என்றார். எனக்கும் இது தெரிந்ததே. அவசரத்தில் மறந்து கையை நீட்டிவிட்டேன். என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரிமார் இதை மூடநம்பிக்கை என்றே சொல்லித் தந்தார்கள். ஆனால் மடத்துக் குசினியில் சமைக்கும்போது அவர்களும் கத்தியை மேசையில் வைத்தே மற்றவரை எடுக்கச் சொன்னார்கள்.

இன்று பிற்பகல் 2.50 அளவில் பஸ் தரிப்பிடத்துக்குச் சென்றேன். லெனாட்டின் வீட்டுக்குச் செல்ல விரும்பவில்லை. அவர் சீமெந்து வாங்கில் பழப் பையுடன் இருந்தார். நான் கைப்பையிலிருந்து மண்ணிறத் தாளில் சுற்றிய கத்தியை எடுத்து வாங்கில் வைத்துவிட்டு, இரண்டடி விலகி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தாளைப் பிரித்தார், அலகைத் திறந்து பார்த்தார், மடக்கினார், பொக்கற்றில் போட்டார், போட்டபின் குனிந்து பொக்கற்றைப் பார்த்தார். அதன் பின்னர் நான் வீட்டுக்கு நடந்தேன். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

3.30 அளவில் முன்வீட்டு றஜனி ஓடிவந்து, சிவில் உடையில் நின்ற பொலிசார் லெனாட்டைக் கூட்டிச் சென்றதாகச் சொன்னார். அதன் பின்னர் நான் உடுப்பு மாற்றிக்கொண்டு ஓட்டோவில் இங்கு வந்தேன். இங்கு வந்தே விபரம் அறிந்தேன். சென்ற வாரம் அயலில் நடந்த வாள்வெட்டுக்குப் பின்னர் அந்தத் தரிப்பிடம் கண்காணிக்கப்பட்டு வந்ததாம். ஒரு பெண் பொதி ஒன்றை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார், ஒரு ஆண் எதுவும் பேசாமல் எடுத்தார், உள்ளே கத்தி இருந்தது என்று கான்ஸ்டபிள் கஜீபன் அறிக்கை எழுதியிருக்கிறார். எழுதியது பிழை அல்ல. ஆனால் அதை ஆயுதம் கைமாற்றியதாக விளங்கிக்கொண்டதைப் பற்றி நான் என்ன சொல்வது?

அதைவிட மோசமானது லெனாட் சொன்ன மறுமொழி. கத்தி யாருடையது என்று கேட்டதற்கு அவர் "வாங்கிலை கிடந்தது, எடுத்தனான்" என்றாராம். வைத்த பெண்மணி யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாராம். நாற்பது வருடங்களாக வேலிக்கு மேலால் என்னிடம் கறிவேப்பிலை வாங்கும் மனிதர் என்னைத் தெரியாது என்றிருக்கிறார். பொலிஸ் நிலையத்துக்கு நான் வரவேண்டி வந்துவிடும் என்று மறைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. அது வீண் வேலை. நான் வந்துதானே இருக்கிறேன்.

கத்தியை எவரும் கையில் கொடுப்பதில்லை, வைத்துத்தான் எடுப்பது என்று விளங்கப்படுத்தினேன். அதிகாரி அதை ஒரு நியாயமாக ஏற்கவில்லை. அலகை அளப்பதற்காகக் கான்ஸ்டபிள் கஜீபனிடம் கத்தியைக் கேட்டுக் கையை நீட்டினார். கஜீபன் தாள் உறையிலிருந்து கத்தியை எடுத்து, அதிகாரியின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்தார். அதிகாரியும் அதன் பின்னரே கத்தியை எடுத்தார். இதை உடனே எழுதும்படி கேட்டேன். அதிகாரி எழுதினார். அலகு ஏழு சென்ரிமீற்றர். பொத்தான் இல்லை.

அதன் பின்னர் அதிகாரி, வைத்து எடுத்தது சரி, நாற்பது வருடப் பழக்கம் உள்ள இருவர் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டார். அது எங்கள் சொந்த விடயம் என்றேன். அப்படியானால் லெனாட்டை இரவு வைத்திருந்து விசாரிக்க வேண்டிவரும் என்றார். சுவர் மணிக்கூட்டில் ஐந்து பத்து.

ஆகவே மேலே "கத்தி பழுதாகிவிட்டது" என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கத்தி தானாகப் பழுதாகவில்லை. நான் உடைத்தேன். இரவல் தரும்போதே லெனாட் "வெட்டுங்கோ ரீச்சர், நெம்பிப் போடாதேங்கோ" என்று சொல்லியிருந்தார். பார்சலுக்குள் இருந்த பிஸ்கற் ரின்னின் மூடி இறுகியிருந்தது. நான் கத்தியால் நெம்பினேன். நுனி முறிந்தது. அதை மடக்கி அவருடைய விறாந்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் கேட்டபோது, "என்னட்டை வரேக்கையே உப்பிடித்தான் இருந்தது" என்றேன். அவர் "ஓம், அப்பிடியும் இருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பதினொரு நாட்களாக நாங்கள் பேசவில்லை. முப்பத்துநான்கு வருடங்கள் பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியவள் நான். இதை அதிகாரி எழுதி முடிக்கும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின்னர் லெனாட் அழைத்து வரப்பட்டார். இந்தப் பகுதி அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர் சொன்னதாவது: "எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர். அலகிலை ரின்னின்ரை நீலப் பெயின்ற் ஒட்டியிருந்தது." நானாகவே சொல்வேன் என்று காத்திருந்ததாகவும் சொன்னார். தெரிந்துகொண்டே பதினொரு நாட்கள் வாய் திறக்காமல் இருந்து, என்னைப் பட்டணம் முழுவதும் ஒரு சேட்டைத் தூக்கிக்கொண்டு அலையவிட்டவர் இவரே என்பதையும் பதிவுசெய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

5.20க்கு அதிகாரி கத்தியை மேசையில் வைத்தார். லெனாட் எடுத்துப் பொக்கற்றில் போட்டார். பொக்கற் தொங்கவில்லை. பழப் பையும் அவரிடம் கொடுக்கப்பட்டது. நான் வந்த ஓட்டோ வெளியில் நிற்கிறது. அவரை அதில் ஏறி மானிப்பாய்க்குப் போகச் சொன்னேன். நான் கையொப்பமிட்ட பின்னர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஐந்து இடங்களில் திருத்துவித்து, ஐந்திலும் சுருக்கொப்பம் இட்டேன். இதில் எழுதப்பட்டிருப்பது உண்மை. நான் சொன்ன பொய் ஒன்று, அதுவும் உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்) மக்டலீன் ஞானப்பிரகாசம்
பிற்பகல் 5.32