வாடிப்பட்டிக் கத்தி

இரவு பதினொன்றரை. வாடிப்பட்டியை விட்டு வெளியே வந்தால் வாய்க்கால் கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். விளக்கு என்று ஒன்று கிடையாது... டேய், அந்த செல்போனை அணை. சிரிக்கிறவன் இப்போதே வீட்டுக்குப் போ. பிறகு துணைக்கு வா என்று என்னைக் கூப்பிடக் கூடாது.

என் கூட்டாளி ஹரிராமின் அக்கா வீட்டுக்காரர் ராஜகுரு அங்கே பைக்கை நிறுத்துகிறார். பையில் ஒரு கத்தி. அதை வாய்க்காலில் வீசத்தான் நிறுத்தினார்.

ராஜகுருவுக்குக் கோச்சடையில் பழைய மரச்சாமான் கடை. வாடிப்பட்டியில் ஒரு வீட்டுக்குப் பழைய பீரோ வாங்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா முனியாயி இந்தக் கத்தியையும் அவர் கையில் திணித்தாள். அவள் புருஷன் ஆப்பிரிக்காவில் மில் வேலை பார்த்துவிட்டு வந்து செத்துப்போனவர். "சும்மாவே கொண்டு போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். சும்மா கொடுத்தால் நம் ஆட்கள் யோசிப்பார்களா?

சிலுவை மாதிரிப் பிடி. தோல் உறை. உறையில் ஒரு தோல் வளையம். இடுப்பில் கோக்கிறது என்றார் ஒருவர், சுவரில் மாட்டுகிறது என்றார் இன்னொருவர். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதற்குள் ஆயுத பூசை வந்தது. உளி, ரம்பத்தோடு இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் இதாலேயே அறுத்தார். யாருடையது என்று தெரியாத ஆயுதத்துக்குக் காவு கொடுக்கலாமா? புத்தி வேண்டாம்?

அன்று ராத்திரியே ஆரம்பித்தது. தூக்கத்தில் யாரோ அவர் இடது கையைத் தடவினார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை... மெதுவாக... திரும்பவும் முழங்கையிலிருந்து. காய்ந்த விரல்கள். அறை முழுக்கப் பழந்தோல் வாடை, ஊசிப்போன வெண்ணெய் வாடை. விளக்கைப் போட்டால், பக்கத்தில் தூங்குகிற மகள் வித்யாஸ்ரீயைத் தவிர யாருமில்லை. தினமும் இதே கூத்து.

கடைசியில் தெரிந்த பையன் முகமது யாசீனிடம் கத்தியைக் காட்டினார். அவனும் ஆப்பிரிக்காவில், நைஜர் நாட்டில், போர்வெல் வண்டியில் பல வருஷம் வேலை பார்த்தவன்.

"சஹாராப் பக்கம் துவாரெக் ஆளுக கத்தி அண்ணே. பிடியைப் பாத்தாலே தெரியுது. நல்ல மனுசங்க, அவங்களோட உக்காந்து சாப்பிட்டிருக்கேன்."

"இந்த வளையம் எதுக்குப்பா?"

"இடது கையில கோத்துக்குவாங்க. முழங்கைக்குக் கீழ. பிடி மணிக்கட்டுப் பக்கம் இருக்கும்."

ராஜகுரு தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ராத்திரித் தடவலை அவனிடம் சொன்னார். யாசீன் வளையத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அறுத்துட்டுத் திரும்பத் தச்சிருக்கு. உசுரோட இருந்தா அவனே கழட்டிக் குடுத்திருப்பான்ல... யா அல்லாஹ். செத்தவன் கையில வச்சு அறுத்திருக்கானுக."

"அப்ப ராத்திரி வாரது..."

"உடையவன்தான். எங்கயும் வீசிராதீங்க. தலைமாட்டுல வைங்க, எடுத்துக்கிட்டுப் போயிருவான்."

"எம் மக அங்கதான்டா படுக்குறா! எனக்கு என்னமும் ஆகட்டும், அவ பக்கம் வரக் கூடாது."

அன்று கடையை அடைத்த கையோடு, கத்தியைத் திருப்பிக் கொடுக்க வாடிப்பட்டிக்குக் கிளம்பிவிட்டார். முனியாயி கதவையே திறக்கவில்லை. "அதை வாசல்ல வச்சீன்னா, அருவாளைத் தூக்கிருவேன்!" என்று ஜன்னல் வழியே கத்தினாள். ராஜகுருவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் வாய்க்கால் கரையில் நின்றார்.

வீசினார். தொபுக்... அவ்வளவுதான். பைக்கை எடுத்தார்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின் சீட்டு அமுங்கியது. மழை ஈரக் காற்றில் அந்தப் பழந்தோல் வாடை. முதுகுப் பக்கமிருந்து விரல்கள் வந்து அவர் முழங்கையைத் தொட்டன. மணிக்கட்டு வரை தடவின. இன்னொரு தடவை, வேகமாக. அடுத்த தடவை நகம் சதையில் இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லையே... அவர்தான் வீசிவிட்டாரே. காதருகே மூச்சு புஸ் புஸ்ஸென்று இரைந்தது. பிறகு அந்தக் கை அவர் கையை இறுகப் பிடித்தது.

காலையில், கரையோரம் விழுந்து கிடந்தவரைப் பால்வண்டிக்காரர்கள்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறியவில்லை. ஆனாலும் அந்த இடது கை இன்றுவரை மடங்கவில்லை.

தடவல் மட்டும் நின்றுவிட்டது. கை போனாலும் சனியன் தொலைந்ததே என்று ராஜகுரு நிம்மதியாகத் தூங்கினார், போன வெள்ளிக்கிழமை வரை. அன்றைக்கு விடியப்போகிற நேரம். பக்கத்தில் படுத்திருந்த வித்யாஸ்ரீ கண்ணைத் திறக்காமலே முனகியிருக்கிறாள்.

"விடுங்கப்பா... என் கையில ஒன்னுமில்ல."