பன்னிரண்டு பொக்கை இலைகள்

எனக்குக் குளிர் ஆகாது. இதைச் சொல்லிவிட்டாலே பாதி விசாரணை முடிந்த மாதிரிதான். மீதிப் பாதியையும் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று பேரும் நேரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

இலைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் சேற்றில் விழுந்து கல்லாகிப்போன இலைகள். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஊசியும் தூரிகையுமாக, மேலே ஒட்டியிருக்கும் கல்லை மட்டும் எடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நரம்பைக்கூட நான் முறித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கற்களை வைத்து ஆராய்ச்சி செய்தவள் என் தம்பி மனைவி. குளிர்ந்த இடத்து மரங்களில் ரம்பம் மாதிரி விளிம்பில் பல் உள்ள இலைகள் அதிகம். வெப்பமான இடத்தில் வழுவழுப்பான விளிம்புதான் அதிகம். எத்தனை வகைக்குப் பல் இல்லை என்று எண்ணினால், அந்த யுகத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அவளிடம் வகைக்கு ஒன்றாக முப்பது கல். பதின்மூன்றுக்குப் பல் இல்லை. அதாவது பதினாலு டிகிரி, குளிரான யுகம். இதை நிரூபிக்க எட்டு வருஷம் உழைத்தாள். அவள் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. நாத்தனார் என்றாலே கொடுமைக்காரி என்று ஊர் சொல்லும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில், என் சமையலில் உப்பு கொஞ்சம் கூட என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பதினோரு வருஷம் ஆகிறது. அதையெல்லாம் யார் மனதில் வைத்திருப்பார்கள்? அன்று செவ்வாய்க்கிழமை.

வினை எங்கள் துறைத்தலைவரால் வந்தது. எந்த யுகத்து இலையோ அந்த யுகத்துக் குளிரிலேயே நாமும் வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "இலை பட்ட பாட்டை நாமளும் படணும்மா, அப்பத்தான் அதோட மனசு புரியும்" என்பார். ஏசி பதினாறுக்குக் கீழே இறங்காது. மீதி இரண்டு டிகிரிக்கு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடச் சொன்னார். அவர் அறை வேறு மாடியில்.

எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. விரல் மரத்து ஊசி வழுக்கியது. அப்படித்தான் ஏழாம் நம்பர் இலையில் ஒரு பல் போனது. நரம்பு வேறு, பல் வேறு. ஒற்றைப் பல் போன வாய் பார்க்க நன்றாகவா இருக்கும்? மற்றதையும் எடுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் திரும்ப எண்ணினாள். ஒரு வகைக்கு ஒரு டிகிரி. கணக்கு பதினைந்துக்கு ஏறியது. தலைவர் போனில் சொல்ல, மின்விசிறியைக் குறைத்தோம். அடுத்த வாரம் இன்னோர் இலை, மின்விசிறி நின்றது. பத்தொன்பது டிகிரியில் என் முழங்கால் சரியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் தொட்ட வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

"அண்ணி, போன வாரம் இந்த இலைக்குப் பல்லு இருந்துச்சே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தூசியா இருந்திருக்கும்மா. நீ சரியாவே தூங்குறதில்ல" என்றேன்.

கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். முகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கணக்கு இருபத்தாறுக்கு ஏறியதும் தலைவர் ஏசியையே அணைக்கச் சொன்னார். அன்று அவள் எட்டு வருஷத்துக் காகிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். "எனக்கு எண்ணவே தெரியல அண்ணி." எனக்கும் கண் கலங்கியது. என் மதியச் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

கல்லைப் பிளந்தால் இரண்டு பாதியிலும் இலையின் அச்சு இருக்கும். மறுபாதிகள் வேறொரு அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றை அவள் வரவழைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இப்போது உங்கள் மேஜையில் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒரு பாதி பல்லைக் காட்டுகிறது, ஒரு பாதி பொக்கை. அவளுக்குப் பட்டம் கிடைத்துவிடும் என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

ஆமாம், பன்னிரண்டு இலைகளின் பல்லையும் நான்தான் சுரண்டினேன். குளிருக்காக மட்டும்தான்.

ஏசியின் ரிமோட் யாரிடம் இருந்தது என்று கேட்டீர்கள். என் மேஜை இழுப்பறையில்தான், பத்தொன்பது வருஷமாக. நான் எத்தனையில் வைத்தாலும் தலைவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்காமல் கூட்டி வைப்பது திருட்டுத்தனம் இல்லையா? எங்கள் வீட்டில் என்னை அப்படி வளர்க்கவில்லை.