பெண்கள் பெட்டியில் ஒரு கொலை

ரயிலில் ஜன்னலோரம் நான். எதிரில் மடியில் காகிதக் கட்டோடு ஒரு தம்பி. அவன் பக்கத்தில் அவனுடைய கூட்டாளி. அடுத்த சீட்டில் குடையோடு ஒரு ஆன்டி. பெண்கள் பெட்டியில் இடமில்லை என்று இங்கே வந்தவர். எல்லாரும் கிள்ளானில் ஏறியவர்கள்.

"கொலை பெண்கள் பெட்டியிலதான்டா," என்றான் தம்பி.

ஆன்டி திரும்பிப் பார்த்தார்.

"சினிமாக் கதை ஆன்டி. ரயில்ல நடக்கிற மர்மப்படம். இப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்ல தயாரிப்பாளர்கிட்ட கொடுக்கப் போறேன். மூணு வருசமா எழுதினது."

"கொல்றது யாரு?"

"ஹீரோவோட அண்ணன். கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"ஆம்பளையா? அந்தப் பெட்டிக்குள்ள எப்படி வந்தான்?"

தம்பி கூட்டாளியைப் பார்த்தான்.

"சேலை கட்டிக்கிட்டு வரான் ஆன்டி," என்றான் கூட்டாளி.

"மீசை?"

"எடுத்துட்டான்லா."

"போன வாரம் ஒருத்தன் போனைப் பார்த்துக்கிட்டே தெரியாம ஏறிட்டான். நாங்க போட்ட சத்தத்துல அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கி ஓடினான். கத்தியோட வர்றவனை விடுவமா?"

கூட்டாளி சிரித்தான். "டேய், உன் படத்துல கொலையே நடக்காதுடா."

"வேற பெட்டிக்கு மாத்திடு தம்பி," என்றார் ஆன்டி.

தம்பி பேனாவை எடுத்தான். பெண்கள் பெட்டி என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து எழுத ஆரம்பித்தான். பெட்டாலிங் வந்தது. இறங்க இன்னும் நாலே ஸ்டேஷன். அவன் ஏழாம் பக்கத்தில் இருந்தான்.

"மொத்தம் எத்தனை பக்கம்டா?" என்றான் கூட்டாளி.

"தொண்ணூத்தாறு."