பைக் சாவியும் ஒரு ஜோடி நாலும்

பெயர்: சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கும், அதாவது காஜா எடுக்கும் வேலையில் தொடங்கியதால் கடைத்தெருவில் எனக்குக் காஜா என்றே பெயர். வயது நாற்பத்தாறு. தொழில் தையல். விலாசம்: பழைய தபால் நிலையத்துக்குப் பின்புறம், தையல் கடை மாடி.

விசாரணையில் நான் கூறுவதாவது: மேற்படி விலாசத்தில் மனைவியுடனும் அவள் தங்கையுடனும் வசித்து வருகிறேன். விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணி வெட்டும் மேஜையில் நானும் பெயின்ட் கடைக்காரரும் போட்டோ ஸ்டூடியோக்காரரும் போக்கர் ஆடுவது வழக்கம். காசு கிடையாது, சட்டைப் பொத்தான்தான் பந்தயம். பிறகு மனைவியின் தங்கையும் ஆட்டத்தில் சேர்ந்தாள். அவள் ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி உத்தரவுக்குக் காத்திருப்பவள். மோசடி வழக்கு என்று பதிவானால் அந்த வேலை போய்விடும்.

ஆரம்பத்தில் அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். நாங்களும் பாவம் என்று சிரித்தோம். அவள் சீட்டைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்தாள் என்பது அதன் பிறகே விளங்கியது. ஸ்டூடியோக்காரர் பெரிய பந்தயம் என்றாலே சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார். ஆகவே அவரிடம் கையில் ஒன்றும் இல்லாமலே பொத்தானை அள்ளித் தள்ளினாள். எனக்கோ எதிராளியின் சீட்டைப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும், எவ்வளவு கேட்டாலும் கட்டிப் பார்த்துவிடுவேன். ஆகவே என்னிடம் பொய்யாகக் கட்டியதே இல்லை, நல்ல சீட்டு வந்தபோது மட்டும் கட்டி என்னை மொட்டையடித்தாள். பெயின்ட் கடைக்காரர் நல்ல சீட்டு வந்தால் சத்தமில்லாமல் இரண்டு பொத்தான் வைப்பார், வராவிட்டால் மேஜையைத் தட்டிக் கத்துவார். அவர் அடங்கினால் இவள் விலகினாள், கத்தினால் "காட்டுங்கண்ணே" என்றாள். இத்தனை வருடம் கூட ஆடியும் எனக்கு இது உறைக்கவில்லை. தோற்றாலும் அவளை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

சம்பவத்தன்று பொத்தான் தீர்ந்துபோன பெயின்ட் கடைக்காரர், "இந்தா, பைக்கையே வைக்கிறேன்! வர்றியா?" என்று சாவியை வீசினார். "வேணாண்ணே, விளையாட்டு வினையாயிடும்" என்றாள். "பயந்துட்டா பாரு!" என்று மேஜையைத் தட்டினார். தன் பொத்தானையெல்லாம் தள்ளி, "அப்ப காட்டுங்க" என்றாள். அவரிடம் ஒன்றுமில்லை. இவளிடம் இருந்தது ஒரு ஜோடி நாலு மட்டுமே, ஆனாலும் ஜெயிக்க அது போதும். அவள் உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டும் ஆறவில்லை. "நாலை வெச்சிக்கிட்டு எவளாவது வருவாளா? சீட்டுல அடையாளம் போட்டிருக்கா!" என்று சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் அழைக்கப்பட்டு வந்தோம். இன்ஸ்பெக்டர் ஐயா, தங்கள் முன்னிலையில் அவர், "ஆதாரம் பாக்கெட்ல இருக்கு! இவ ரயில் ஓட்டுறதை நானும் பார்க்கிறேன்!" என்று தங்கள் மேஜையை ஓங்கித் தட்டினார். அதுவரை அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்து, "தட்டிட்டாரு மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவரிடம், "காட்டுங்கண்ணே" என்றாள். அவர் பாக்கெட்டிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துச் சீட்டு ஒவ்வொன்றாகத் திருப்பியதையும், எதிலும் ஒரு கீறல்கூட இல்லாததையும், தாங்கள் சிரிப்பை அடக்கியதையும் நான் நேரில் பார்த்தேன்.

மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்று அவர் இப்போது வெளி வராந்தாவில் கத்துவது இங்கே நன்றாகக் கேட்கிறது. கத்துவதால், போடமாட்டார் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் சொல்லி எழுதப்பட்டது, வாசிக்கக் கேட்டேன், அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) காஜா, தையல்காரர்