முதல் திரை

ஹலோ... சொல்லுங்க மாமா... ம்... ம்... மெதுவாப் பேசுங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. எங்க இருக்கீங்க?... மாடிப்படியிலயா? லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டா?... சரி. நடுவர்கள் உள்ளதான் இருக்காங்க... ஆமா... ஆமா, புரியுது. கேம் பிடிச்சிருக்கு, ஆனா மூணு உயிர் பத்தாது, அஞ்சாக்கி எங்க கண் முன்னாடியே மறுபடி பில்ட் பண்ணிக் காட்டுங்கன்னுட்டாங்க. அதுக்கென்ன மாமா, காட்டுங்களேன். நீங்க எழுதினதுதானே?

மறுமுனையில் அவர் ஏதோ சொல்லத் தொடங்கி மென்று விழுங்கினார். அவள் அவசரப்படவில்லை. உலர்த்த எடுத்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா வீட்டுக்காரர் இப்படித் திணறி அவள் கேட்டதே இல்லை. பழைய எட்டு பிட் கணினி ஒன்றுக்காக அவள் தனியாக எழுதிய விளையாட்டை அவர் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பியிருந்தார். ஜெயித்தவரை அந்தக் கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். குடும்பத்துக்குள் உன் பேர் என் பேர் என்று என்ன இருக்கிறது என்று அவர் சிரித்தபோது அக்கா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருக்கேன் மாமா... இருக்கேன், கட் ஆகலை... சொல்றேன். அந்த ஃபோல்டர்ல அசெம்பிளர் இருக்கும் பாருங்க. நான் எழுதினதை... மன்னிச்சுக்கோங்க, நீங்க எழுதினதை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்துறது அதுதான்... என்னது, ரெண்டு தடவை கிளிக் பண்ணீங்களா? அதென்ன கல்யாண ஆல்பமா, தொட்டதும் திறந்துக்க?... என்ன கேக்குது?... இதைச் செஞ்சது யாருன்னு தெரியலை, குப்பைத்தொட்டியில போடவாங்குதா? பரவால்லையே! உங்க மேக் லேப்டாப்புக்காவது செஞ்சது யாருன்னு கேக்கத் தோணுதே... ஐயோ, போட்டுடாதீங்க! செட்டிங்ஸ் போங்க... பிரைவசி... கீழ வாங்க... இன்னும் கீழ... 'ஓப்பன் எனிவே'ன்னு இருக்கா? அதான். பாஸ்வேர்டு கேக்கும்... எனக்கு எதுக்குச் சொல்றீங்க? அதுல அடிங்க.

இப்ப டெர்மினல்... எழுத்து மட்டும் வர்ற ஜன்னல் மாமா. பயப்படாதீங்க, கடிக்காது. சி, டி, ஒரு இடைவெளி. ஃபோல்டரை இழுத்துட்டு வந்து அதுமேல போடுங்க. எண்டர்... ம். இனிமே மவுஸைத் தொடாதீங்க. அசெம்பிளர் பேரை அடிங்க... அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குதா? இருக்கு. அதே ஃபோல்டர்லதான் இருக்கு. இங்கதான் இருக்குன்னு சொன்னாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும். பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு... வந்துருச்சா? நம்ம வீட்டுலயும் சில பேர் அப்படித்தான்... ஒண்ணுமில்லை. சும்மா சொன்னேன்.

மெயின் ஃபைலைத் திறங்க... கெட்டுப்போகலை மாமா, அது அப்படித்தான் இருக்கும். இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலையா?... சரி, சரி, நான் எதுவும் கேக்கலை. உயிர்னு தேடுங்க, இங்கிலீஷ் எழுத்துல. பக்கத்துல மூணு இருக்கா? இப்ப மாத்தாதீங்க. இடத்தை மட்டும் பாத்து வச்சுக்கோங்க. அவங்க எதிர்ல அஞ்சாக்கி சேவ் பண்ணுங்க. பெரிய வித்தை மாதிரி இருக்கும்.

அடுத்து அடிக்க வேண்டியதைச் சொல்லுமுன் அவள் பேச்சு நின்றது. அவர் இரண்டு முறை ஹலோ சொல்லும்வரை ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரலின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். பில்ட் செய்யும்போது எம் என்பது ஒன்று என்று சொன்னால் ஒரு முதல் திரை வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் வேறொரு முதல் திரை. அந்த இரண்டாவதை, அவர் பெயரோடு, அவர் கேட்டதற்காக எழுதினாள். எழுதி, பில்ட் செய்து, அவரிடம் கொடுத்தும் விட்டாள். முதலாவது விளையாட்டைத் தொடங்கிய நாளிலேயே எழுதியது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

ம்... இருக்கேன். அடிங்க. புள்ளி, சாய்கோடு, அசெம்பிளர் பேரு. இடைவெளி. மெயின் ஃபைல் பேரு. இடைவெளி. ஒரு மைனஸ். ஒட்டினாப்பல பெரிய டி, பெரிய எம், ஈக்குவல் டு, ஒண்ணு... எதுக்கா? நீங்க எழுதினதுதானே மாமா, உங்களுக்குத் தெரியாதா?... அப்போ அடிங்க... எண்டர். என்ன வந்துச்சு?... ஒண்ணுமே வரலையா? அப்போ எல்லாம் சரியா இருக்கு. தப்பு இருந்தாத்தான் அது வாயைத் திறக்கும். மனுஷங்களும் அப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

போங்க உள்ள. மூணை அஞ்சாக்குங்க, டெர்மினல்ல மேல் அம்புக்குறியைத் தட்டுங்க, இப்ப அடிச்சது அப்படியே வரும். எண்டர். வர்ற ஃபைலை மெமரி கார்டுல போட்டு அவங்க மேஜையில இருக்கிற பழைய மெஷின்ல செருகுங்க. அவ்வளவுதான்... வேணாம், போனை வைக்காதீங்க. அப்படியே சட்டைப் பையில போட்டுக்கோங்க. எங்கயாவது முழிச்சீங்கன்னா?

துணி உரசும் சத்தம். கதவு. நாற்காலி இழுபட்டது. கீபோர்டு விசைகள் தட்டுப்பட்டன, தயங்கித் தயங்கி. எண்டர் மட்டும் பலமாக விழுந்தது. யாரோ பாராட்டுவதுபோல் முனகினார்கள். பிறகு அந்தப் பழைய கணினியின் கீச்சுக் குரலில் அவள் அமைத்த மெட்டு. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மெட்டு முடிந்தது. ஒரு பெண்குரல் திரையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். முழுப் பெயரை யாரோ சத்தமாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

ஹலோ... ம்... எதுக்குக் கத்துறீங்க? வெளிய வந்துட்டீங்களா?... நான் என்ன மாமா பண்ணேன்? நான் இங்க துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். அடிச்சது நீங்க. எண்டர் தட்டினதும் நீங்க... ஆமா, கேட்டீங்க. தெரியாதான்னு நானும் கேட்டேனே, அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே... மானம் போச்சா? குடும்பத்துக்குள்ள என்ன மாமா, உங்க மானம் என் மானம்னு... அக்காவை எதுக்கு இழுக்குறீங்க?... இருங்க. பின்னாடி யாரு அது?... என்கிட்டயா?... குடுங்க... மாமா, போனைக் குடுங்க.

போன் கை மாறுகிறதா, கட் ஆகப்போகிறதா என்று தெரியவில்லை. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஹலோ... வணக்கங்க... ஆமாங்க... ஆமா. நான்தான்... முழுக்க நான்தாங்க... அந்த மெட்டும்... இல்லைங்க, யாரும் சொல்லித்தரலை... நாளைக்கா? வரேங்க. கண்டிப்பா வரேன்... யாரு, அவரா?

...

எங்க அக்கா வீட்டுக்காரருங்க. நான் சொல்லச் சொல்ல டைப் அடிச்சாரு... இல்லைங்க, நல்லாத்தான் அடிச்சாரு. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை... சரிங்க. வச்சுடறேன்.