கழுவி மாட்டிய வடிகட்டி

வடிகட்டியைக் கழுவும்போது தண்ணீரை மேலிருந்து கீழாகத்தான் அடிக்க வேண்டும். பலர் குறுக்கே அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் அழுக்கு மடிப்புக்குள் இன்னும் வசதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவீட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்த விருந்தாளி மாதிரி, அப்புறம் கிளப்புவது பெரும்பாடு.

நீங்கள் கேட்டது என் மச்சானைப் பற்றி. தெரிகிறது ஐயா. வடிகட்டி வழியாகத்தான் அவனிடம் போக முடியும், வேறு வழி இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களுடையது சின்ன விடுதி. மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கல்லாவில் உட்காருவான். சிரிப்பு, பேச்சு, வருகிறவர்களை வரவேற்பது எல்லாம் அவன் பாடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் வாய்க்கு ஈடுகொடுக்க ஒருத்தி பிறக்கவில்லை என்பாள் என் மனைவி. குழாய், மோட்டார், கொதிகலன் என் பாடு. பின்பக்கம் கூரை போட்ட இடத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் உட்காரப் படி, கீழிருந்து நுரை தள்ளும் குழாய்கள். விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள்.

அந்தத் தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுவதில்லை. மாற்றக் கட்டுப்படியாகாது. மோட்டார் அதே தண்ணீரை இழுத்து, வடிகட்டிக்குள் விட்டு, சூடாக்கித் திரும்ப அனுப்பும். ஆக, இன்றைக்கு இறங்குகிறவர் நேற்று இறங்கினவரோடு சேர்ந்துதான் குளிக்கிறார். நடுவில் நிற்கிற மரியாதைக்குரிய ஆள் அந்த வடிகட்டி ஒருவர்தான்.

என்னிடம் துணி வடிகட்டிகள் ஒரு ஜோடி இருந்தன. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒன்று தொட்டியில் வேலை செய்யும்போது இன்னொன்று மொட்டைமாடியில் வெயில் காயும். சோடாக் கரைசலில் ஊறவைத்து, அலசி, மடிப்புக்கு மடிப்பு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் மொறமொறவென்று காயவைப்பேன். காய்வதுதான் முக்கியம். பாதி காய்ந்த வடிகட்டியில் என்னென்ன குடியேறும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் நீங்களே கேட்பீர்கள்.

ஒருநாள் மச்சான் பெட்டி பெட்டியாகக் காகித வடிகட்டிகளை இறக்கினான். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒட்டி வந்தது. கொஞ்ச நாள் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிய வேண்டியதுதானாம்.

“எறியறதுக்கா வாங்கினே?” என்றேன்.

“ஆமா அத்தான். வாங்குறது, மாட்டுறது, எறியறது. நடுவுல பல்லு விளக்குற வேலையே கிடையாது.”

“கழுவினா இன்னும் பல வருஷம் வரும்டா என்னோடது.”

“வரும் வரும். உங்களுக்கப்புறம் எனக்கு எழுதி வச்சிட்டுப் போங்க. ஊராரோட அழுக்கை உக்காந்து தேய்க்கிறீங்களே, அந்த பிரஷ்ஷு எங்க வச்சிருக்கீங்கன்னு அக்காவுக்குத் தெரியுமா?”

இதை அவன் தனியாகச் சொல்லவில்லை. வராந்தாவில் விருந்தினர்கள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா.

அடுத்த வாரம் பார்த்தால், என் துணி வடிகட்டி ஒன்று கல்லா மேல் நிற்கிறது. நடுத்துளையில் மண் போட்டு மணி பிளான்ட் நட்டிருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், “இது எங்க அத்தானோட சொத்து, கழுவிக் கழுவியே இலை விட்டிருச்சு” என்பான். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

காகித வடிகட்டியை மாற்றுவதை மச்சான் ஒரு வித்தை மாதிரி செய்வான். விருந்தினர்களைத் தொட்டியைச் சுற்றி நிற்கவைத்து, புதுக் கவரை உயர்த்திக் காட்டி, சர்ரென்று கிழித்து, வெள்ளை வெளேரென்று எடுத்துத் தன் கையாலேயே மாட்டுவான். பழையதைக் குப்பைக் கூடையில் போடுவான். சிலர் கை தட்டினார்கள். நான் கழுவிய காலத்தில் யாரும் தட்டியதில்லை.

முதலில் குப்பையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்தேன். கழுவிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கழுவினேன், வெளுப்பாகத்தான் வந்தது. எறியத் தேவையே இல்லாத பொருள். இதைப் புதிதென்று மாட்டவைத்து, அவன் வாயாலேயே தண்ணீர் பிரமாதம் என்று சொல்லவைத்து, பிறகு எல்லோர் முன்னாலும் விஷயத்தை உடைத்தால் போதும். அவன், “அத்தான், நீங்க சொன்னதுதான் சரி” என்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

கவர்தான் சிக்கல். அவன் கிழித்ததை ஒட்ட முடியாது. ஆகவே ஒரு நல்ல கத்தரிக்கோலை அவனிடம் கொடுத்தேன். “கிழிக்காதேடா, ஓரமா வெட்டு. பாக்கறவங்களுக்கு இன்னும் அழகா இருக்கும்” என்றேன். நான் வழிக்கு வந்துவிட்டதாக நினைத்து என் தோளில் கைபோட்டான். “இப்பதான் அத்தான் நீங்க தொழில் கத்துக்கிறீங்க.”

வெட்டிய கவரின் வாயில் செய்தித்தாளை வைத்து, இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால் அழகாக ஒட்டிக்கொள்ளும். கழுவினதை அதற்குள் வைத்து ஒட்டி, பெட்டியில் புதியவற்றுக்கு மேலே வைத்துவிடுவேன். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் கவர் ஒரு விரல் குறையும். மச்சான் அதையும் கவனித்தான்.

“பாத்தீங்களா அத்தான், கம்பெனிக்காரன் கவரைக் குறைச்சுக்கிட்டே வரான். எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கிறாங்க பாருங்க.”

“அநியாயம்தான்” என்றேன்.

ஒரு விஷயத்தில்தான் என் முறையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இவற்றை மொட்டைமாடியில் காயவைக்க முடியாது. அவன் பார்த்துவிடுவான். கொதிகலனுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. கதகதப்பாக இருக்கும், ஆனால் காற்று வராது. அங்கே தொங்கவிட்டேன். முக்கால்வாசி காயும். மீதி ஈரத்தோடு கவருக்குள் போகும். துணி என்றால் நான் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

முதல் தடவை அவன் அதை மாட்டியபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மாலையில் அவனே தொட்டியில் இறங்கினான். மூட்டு வலிக்காகத் தினமும் இறங்குவான், கழுத்துவரை உட்கார்ந்து நுரை முகத்தில் அடிக்க அடிக்கப் பாடுவான். அன்றைக்கும் பாடிவிட்டுச் சொன்னான்: “தண்ணியப் பாருங்க அத்தான், கண்ணாடி! இதுதான் புது ஃபில்டரோட மகிமை. உங்க கந்தலை வச்சு இப்படி வருமா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு தடவை சரியாக வந்ததைத் தற்செயல் என்று தட்டிக்கழித்துவிடுவான். இன்னும் ஒரு தடவை ஆகட்டும் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் புகழ்ந்தான். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, அவன் புகழப் புகழ, உடைப்பதற்கு மனம் வரவில்லை. இனிப்பை வாயிலேயே வைத்திருப்பது போலத்தான். விழுங்கினால் தீர்ந்துவிடுமே.

காகிதம் அத்தனை முறை கழுவலைத் தாங்குகிற ஜாதி அல்ல. நார் பிரிய ஆரம்பித்தது. தண்ணீரில் கிருமிக்காகப் போடுகிற குளோரின் அதை இன்னும் சிதைத்தது. ஆகவே குளோரினைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். வடிகட்டி நீடித்தது. விருந்தினர்களும் கண் எரியவில்லை, வாடை இல்லை என்று பாராட்டினார்கள். மச்சான் அதையும் தன் காகித வடிகட்டியின் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

தொட்டியின் உள்சுவரை ஒருநாள் தடவிப் பார்த்தேன். வெண்டைக்காயை நறுக்கிய கத்தி மாதிரி வழவழவென்று இருந்தது. கையைச் சோப்பு போட்டு இருமுறை கழுவிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் பாட்டு டீச்சர் போன் செய்தார். ஓய்வு பெற்றவர், எங்களிடம் தங்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். குரலே வரவில்லை. “காய்ச்சலும் இருமலும் விடவே மாட்டேங்குது. அங்க வேற யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கேட்டார். பயணத்தில் காற்று பட்டிருக்கும், கஷாயம் ஏதாவது வைத்துக் குடியுங்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தார். நல்ல மனுஷி. அவருடைய முடிவு, நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மகள் புகார் கொடுத்துத்தான் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து தொட்டியைச் சுரண்டினார்கள், சந்தில் கவர்களைக் கண்டுபிடித்தார்கள் என்பதும். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பிறகு மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கல்லாவில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேலி பேசினான். மறுநாள் மூச்சு வாங்கியது. மனைவி விருந்தினர்களைப் பார்த்துக்கொள்ள, நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன்.

மருத்துவர் சின்னப் பெண். அவன் அரை நினைவில் இருந்ததால் என்னிடம்தான் விசாரித்தார். என்ன வேலை என்றார். கல்லாவில் உட்காருகிற வேலை என்றேன். அதில் பொய் இல்லை.

“நுரையீரல்ல சளி கட்டியிருக்கு, பெரியவரே. சமீபத்துல வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல், இந்த மாதிரி எதுலயாவது இறங்கினாரா? யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா அது வேற கிருமி. மருந்தும் வேற.”

யோசித்தேன். ஆமாம் என்றால் ஆட்கள் தொட்டியைப் பார்க்க வருவார்கள். வடிகட்டியைப் பிரிப்பார்கள். கழுவினதால்தான் இப்படி ஆயிற்று என்று எல்லோரும் பேசுவார்கள். கழுவுவதில் ஒரு குற்றமும் இல்லை. காயவைக்க முடியாமல் போனதுதான் குற்றம். அந்த வித்தியாசத்தை யார் நிதானமாகக் கேட்பார்கள்?

“அவனுக்கு வெந்நீரே ஆகாதுங்க” என்றேன்.

உண்மையில் ஆகாதது எனக்குத்தான். நான் அந்தத் தொட்டியில் ஒருநாளும் இறங்கியதில்லை. நீங்கள் ஏன் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சாதாரணக் காய்ச்சல் மருந்துதான் ஏற்றினார்கள். கேட்கவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் மச்சானுக்குத் தெளிவு வந்தது. முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினான். விலக்கினேன்.

“அத்தான்… அந்த ஃபில்டர்லதான் ஏதோ கோளாறு. கொஞ்ச நாளாவே தண்ணில ஒரு வாடை. நான்தான் வெளிய காட்டிக்கல. உங்க முன்னால எப்படிச் சொல்றது?”

“பேசாம படுடா.”

“இல்ல, சொல்லிடறேன். நீங்க சொன்னதுதான் சரி. வீட்டுக்குப் போனதும் அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு, உங்களோடதையே கழுவி மாட்டுங்க. அக்காகிட்ட சொல்லாதீங்க, கிண்டல் பண்ணும்.”

இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. முகமூடியைத் திரும்ப வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் மருத்துவர் வாசலில் வந்து நின்றார். “மருந்து ஏன் கேக்கலன்னு புரியல. மறுபடி கேக்கறேன்னு நினைக்காதீங்க. நிச்சயமா எந்தத் தொட்டியிலயும் இறங்கலையா? ஒரு சின்னச் சந்தேகம் இருந்தாலும் நான் மருந்தை மாத்திடுவேன்.”

சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். மாற்றியிருந்தால் அவன் அநேகமாகப் பிழைத்திருப்பான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் எழுந்து உட்கார்ந்த அன்றே எல்லாம் வெளியே வந்திருக்கும். வாடை அடித்தது கழுவின வடிகட்டி என்று தெரிந்திருக்கும். சொன்ன சொல்லை முதல் வேலையாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பான், அதுவும் வராந்தாவில், எல்லோர் முன்னாலும். அவனை எனக்குத் தெரியும்.

“நிச்சயமா இல்லைங்க டாக்டர்” என்றேன்.

அதன் பிறகு அவன் கண் விழிக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். வேண்டிய நேரத்தில் தலையணையைச் சரி செய்தேன்.

என் மனைவி இப்போது என்னிடம் பேசுவதில்லை. நீங்கள் அழைத்துப்போக வந்தபோதுகூட என் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. தன் தம்பியும் நானும் சண்டையிலேயே பிரிந்துவிட்டோம் என்று நினைக்கிறாள். அதுதான் எனக்கு வருத்தம்.

கவர்களை ஒட்டினது, குளோரினைக் குறைத்தது, தெரிந்தே மருத்துவரிடம் மறைத்தது எல்லாம் என் வேலை. டீச்சரையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். எங்களுக்குள் பகை என்று மட்டும் எழுதாதீர்கள். மச்சான் என்னோடு முழுக்க ஒத்துப்போய்த்தான் கண்ணை மூடினான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்.