அன்னத்தின் விரதம்

ராட்டினத்தில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும், மேடம். சின்ன வயதில் ஒரே ஒருமுறை ஏறி, அப்பாவின் வெள்ளைச் சட்டையை நாசம் செய்ததோடு சரி. அதன் பிறகு தரையில் நின்றுதான் ரசித்திருக்கிறேன். அதிலும் ஒரு லாபம் உண்டு. சுற்றுகிறவர்களுக்குத் தெரியாததெல்லாம் நிற்கிறவன் கண்ணில் படும்.

சிதம்பரத்தில் எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. மாடி அறையை நேற்று நீங்கள் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். பிடித்திருந்ததா என்று கேட்க ஆசைதான். மயில், யானை என்று உருவம் பொறித்த பித்தளை டோக்கன்கள், கிளி படம் போட்ட பழைய டிக்கெட்டுகள், பண்ருட்டிப் பக்கம் கிடைத்த மரக்குதிரையின் ஒற்றைக் காது எல்லாம் இருந்திருக்கும். கதவுக்கு மேல் மாட்டியிருக்கும் தகரப் பலகையை அவசியம் படித்திருப்பீர்கள். 'கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், செருப்பு அனுமதி இல்லை.' எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

என் மனைவி ஸ்ரீமதிக்கு வராது. "ஊரு ஒலகத்துல ஆம்பளைங்க நெலம் வாங்கறாங்க, எங்க வூட்டுல குதிர காது வாங்கறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லட்டும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நானும் விட்டுவிடுவேன்.

சிங்காரத்தின் சங்கிலி ராட்டினத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர் ஆருத்ரா தரிசனத்தின்போது. அவருக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். மார்கழியில் சிதம்பரம், மே மாதத்தில் கடலூர் கடற்கரைப் பொருட்காட்சி என்று வருடம் தவறாமல் வந்துவிடுவார். மேலே சுழலும் தட்டிலிருந்து சங்கிலிகளில் தொங்கும் இருக்கைகள். ஒவ்வொன்றும் ஒரு மரப்பிராணி. அதில் ஒரு யாளி இருந்தது, மேடம். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. யாரோ குறும்புக்காரர் அதற்கு மூக்குத்தி வேறு வரைந்து வைத்திருந்தார். கோபமாக இருக்க வேண்டிய மிருகம், கல்யாண வீட்டுக்கு வந்த அத்தையைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தது. பார்த்த அன்றே மனசு போய்விட்டது. அதைவிட அழகான பொருளை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

"ஓடுற ராட்டினத்துலேர்ந்து ஒரு ஆணியக்கூட குடுக்க மாட்டோம் மச்சான். உசுரோட இருக்கற மாட்டுல கறி அறுக்க முடியுமா? நின்னு போச்சுன்னாதான் விப்போம்."

"எப்ப நிக்கும்?"

"நான் போனா எம் மருமவன் எழிலன் ஓட்டுவான். அவனுக்கப்புறம் அவன் புள்ள." பிறகு தானாகவே சொன்னார். "எங்க அப்பா காலத்துல பரங்கிப்பேட்டையில ஒண்ணு நின்னுச்சு. ஒரு ஆளு வுழுந்து செத்துட்டாரு. உசுரு வாங்குன ராட்டினத்த மறுபடி நட மாட்டோம். குடும்பத்துக்கு ஆவாது. பிரிச்சு வித்துருவோம்."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நானும் பொறுத்துப் பார்த்தேன். வருடாவருடம் போவேன், டீ வாங்கிக் கொடுப்பேன், யாளியின் கழுத்தைத் தடவிவிட்டு வருவேன். சிங்காரம் என்னை வீட்டு ஆளாகவே நடத்தினார். அப்படிப் பழகியதில்தான் அவர்களுடைய வழக்கங்கள் எனக்குத் தெரிந்தன.

அதில் ஒன்று இந்த விரதம். ராட்டினக்காரர்கள் பழுது என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது மற்ற இருக்கைகளுக்கும் பரவும் என்று நம்பிக்கை. எந்த இருக்கையின் சங்கிலி தேய்ந்திருக்கிறதோ அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். கட்டினால் அது அன்றைக்கு விரதம், அதில் யாரையும் ஏற்ற மாட்டார்கள். அந்த இருக்கையையே கழற்றி வைத்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் வெறுமனே சுற்ற விடுவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, துணியைப் பார்த்துக்கொள்வதோடு சரி. எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு, பாருங்கள்.

போன மே மாதம் ஒரு பகல் வேளையில் நான் கடலூர் போனபோது, சிங்காரம் அன்னப்பறவை இருக்கையின் கழுத்தில் துணி கட்டிக்கொண்டிருந்தார். "அன்னம் இன்னிக்கு வெரதம் மச்சான். பாண்டி வரைக்கும் போயி சங்கிலி வாங்கியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார். அவர் மனைவி சௌந்தரம் டிக்கெட் கூண்டில் இருந்தார். எழிலன் சாப்பிடப் போயிருந்தார். வெயில் கொளுத்தியது, மைதானத்தில் ஈ காக்கை இல்லை.

துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். முடிச்சு கொஞ்சம் இறுக்கம், நகம் வலித்தது.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. நான் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வேலி ஓரமாக நின்றேன். எழிலன் மோட்டாரைப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், சில நடைகள் போயும் அன்னத்தில் யாருமே உட்காரவில்லை. குழந்தைகள் யானைக்கும் மயிலுக்கும்தான் ஓடின. எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. அப்போதுதான் ஒரு பெண் தங்கையோடு வந்தார். வினோதினி என்ற பெயர் பிற்பாடு உங்கள் வாயால்தான் தெரிந்தது. அண்ணாகிராமத்திலிருந்து வந்திருந்தார்கள். தங்கைக்குப் பயம், கீழேயே நின்றுவிட்டார். வினோதினி நேராக யாளியை நோக்கிப் போனார். அந்த வகையில் ரசனை உள்ள பெண். போகிற போக்கில் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, சுத்தும்போது ஒரு போட்டோ எடுக்கறீங்களா? இவளுக்குக் கை நடுங்கும். எதுல ஒக்காந்தா நல்லா வரும்?"

"அன்னத்துல ஏறும்மா. வெள்ளை. ஒன் செவப்புச் சுடிதாருக்கு எடுப்பா இருக்கும்."

நான் பொய் சொல்லவில்லை. எடுப்பாகத்தான் இருந்தது. படமும் நன்றாக வந்தது. தலைமுடி பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேகம் பிடித்ததும் அன்னம் மட்டும் வட்டத்தை விட்டுத் தனியாகப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம், ஜெனரேட்டர் வண்டியின் மேல் விழுந்தது. தங்கை அலறிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூட்டத்தில் தங்கையைத் தேடிப் பிடித்து அந்தப் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு?

சிங்காரம் புதுச் சங்கிலியோடு பாண்டியிலிருந்து வந்து இறங்கியபோது போலீஸ் காத்திருந்தது. "துணி கட்டுனேன் சார், மச்சான் பாத்தாரு, அவரக் கேளுங்க" என்று கதறினாராம். நீங்களும் என்னைக் கேட்டீர்கள், மேடம், ஞாபகம் இருக்கும். நான் யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். எழிலன் துணியே இல்லை என்றார், அவருக்கு அது உண்மை. சௌந்தரம்கூடக் கணவரை நம்பவில்லை. "எங்கிட்டதான் துணி வாங்கனாரு. பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல கட்ட மறந்துட்டாரு. இப்ப பொய் சொல்றாரு" என்று என்னிடமே அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். இரண்டு பேருக்கும் முப்பது வருடத் தாம்பத்தியம், பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ராட்டினத்தைப் பிரித்தார்கள். இரும்பு இரும்புக்காரனுக்குப் போனது. யாளி மட்டும் ஒரு மினி லாரியில் என் கடை வாசலில் வந்து இறங்கியது. நான் கேட்கக்கூட இல்லை. "மச்சான்தான் நல்லா வெச்சுப்பாரு, குடுத்துடு" என்று சிங்காரம் ஜெயிலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். அன்று நான் அழுதேன், மேடம். சந்தோஷத்தில் மனுஷன் அழுவான் என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த வாரம் சௌந்தரம் சிதம்பரம் வந்தார். சிங்காரம் இன்னமும் சத்தியம் செய்கிறார், நன்றாக யோசித்துப் பாருங்கள் என்று கேட்பதற்காக. வந்தவரை மாடிக்கு அழைத்துப் போய் யாளியைக் காட்டினேன். பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் துணி இருந்தது. அதை எரித்திருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். சேகரிக்கிறவன் எரிப்பானா? இனி அப்படி ஒரு துணி எங்கே கிடைக்கும்?

அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "இது எம் பொடவ. அன்னிக்குக் காலையிலதான் கிழிச்சுக் குடுத்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அவரு கட்டியிருக்காரு" என்றார். என்னைத் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, "கட்டியிருக்காரு, கட்டியிருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். துணியை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

எல்லாம் சரி, நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. துணியை அவிழ்த்தது நான். அந்தப் பெண்ணை அன்னத்தில் ஏற்றிவிட்டதும் நான். சிங்காரம் வெளியே வரட்டும், எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் கடைசிப் பக்கத்தில் யாளியையும் துணியையும் களவாடிய சொத்து என்று போட்டிருக்கிறீர்கள், அதைத் திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், மறுக்கவில்லை. திருட்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.